குமணன்சாவடியில் சாவடி எங்கே?

போரூரிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் தினமும் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் மனப்பாடம். ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி, அப்புறம் பூந்தமல்லி. கோயம்பேடு பக்கமிருந்து வந்தால் வழியில் வேலப்பன்சாவடியும் உண்டு. சில கிலோமீட்டர் தூரத்துக்குள் மூன்று சாவடிகள்! "குமணன்சாவடி எல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார். ஜனங்கள் இறங்குகிறார்கள், ஷேர் ஆட்டோ பிடிக்கிறார்கள், போய்க்கொண்டே இருக்கிறார்கள். சாவடி என்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

கேட்கிற ஒன்றிரண்டு பேரும் பெயரின் முன்பாதியைத்தான் கேட்கிறார்கள். குமணன் என்றதும், புலவனுக்காகத் தன் தலையையே கொடுக்க முன்வந்த புறநானூற்று வள்ளல் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார். அப்புறம் பேச்சு ராஜா, வள்ளல், வீரம் என்று எங்கேயோ போய்விடும். நம் வழக்கமே அதுதானே! பெயரில் ஒரு ராஜா கிடைத்துவிட்டால் போதும், அவருக்குப் பின்னால் வண்டியோடு நிற்கிறவன் யார் கண்ணிலும் படமாட்டான். இந்தக் கட்டுரை பெயரின் பின்பாதியைப் பற்றியது.

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்குமிடம். நாலு தூண், மேலே ஒரு கூரை, உட்காரவும் படுக்கவும் திண்ணை, பக்கத்தில் கிணறோ குளமோ, மாட்டை அவிழ்த்துக் கட்ட மரநிழல். அவ்வளவுதான், ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. ஆனால் இந்த 'அவ்வளவுதான்' இல்லாமல் அந்தக் காலத்தில் ஒரு மூட்டை அரிசிகூட மதராஸிலிருந்து மேற்கே போயிருக்க முடியாது.

அதே சொல் இன்றைக்கு எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். வாக்குச்சாவடி. சோதனைச்சாவடி. சுங்கச்சாவடி. முதலாவதில் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டாவதில் பேப்பரை எடுத்துக் காட்ட வேண்டும். மூன்றாவதில் காசு கட்ட வேண்டும். தலையைச் சாய்க்க இடம் தருகிற சாவடி ஒன்றுகூட மிச்சமில்லை. சொல் தப்பித்துக்கொண்டது, அர்த்தம் செத்துப்போனது. இதைத் தற்செயல் என்று சொல்லி விட்டுவிட முடியாது.

வண்டி வேண்டும், வண்டிக்காரன் வேண்டாம்

மாட்டு வண்டி என்றால் நம்மவர்களுக்கு அப்படி ஒரு பாசம். பொங்கல் வந்தால் கல்லூரி வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும், ஆளாளுக்கு ஏறி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கல்யாண ஆல்பத்துக்கு ஒரு வில்வண்டி. ஊருக்கு வெளியே இருக்கிற ரிசார்ட்டில் கட்டை வண்டிச் சவாரி. சினிமாவில் கதாநாயகன் வண்டி ஓட்டினால் கட்டாயம் ஒரு பாட்டு இருக்கும். அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் அச்சுக்கு மை போடுகிறவனையோ, கடையாணி விழுந்ததைத் தேடுகிறவனையோ ஒரு ஷாட்டில்கூடக் காட்டமாட்டார்கள்.

காளைக்காக மெரினாவில் லட்சக்கணக்கில் கூடினோம், 2017இல். நல்ல விஷயம். காளையின் இனம், கொம்பு, திமில் எல்லாம் இப்போது சின்னப் பையனுக்கும் தெரியும். அந்தக் காளைக்குப் பின்னால் உட்கார்ந்து ராத்திரி முழுக்க முழித்திருந்தவனைப் பற்றி மட்டும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. "வண்டிக்காரன்" என்பதே பாதி வசவாகத்தான் இன்னும் புழங்குகிறது. "யோவ் வண்டி... நிறுத்துய்யா!" என்று இன்றைக்கும் ஆட்டோக்காரரைக் கூப்பிடுகிறார்களே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. ஓட்டுகிறவனுக்குப் பெயர் கிடையாது. வண்டிதான் அவன் பெயர்.

ஒரு ராத்திரி வேலை

அந்த வேலை எப்படிப்பட்டது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாரம் ஏற்றிய வண்டியை மாடு மணிக்கு இரண்டு மைல் இழுக்கும். ரொம்பக் கூடினால் மூன்று மைல். கோட்டையிலிருந்து பூந்தமல்லி இருபது கிலோமீட்டர் சொச்சம். சாயங்காலம் வெயில் தாழ்ந்து பட்டணத்தில் வண்டி பூட்டினால், விடிகிற நேரத்துக்குப் பூந்தமல்லிப் பக்கம் வந்து சேரலாம். சாவடிகள் ஏன் இங்கே வரிசையாக இருக்கின்றன என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மாட்டின் காலும் வண்டிக்காரனின் கண்ணும் களைத்துப்போகிற தூரம் அது. மேற்கே பெங்களூர் வரைக்கும் போக வேண்டியவனுக்கு இது முதல் ராத்திரி மட்டும்தான். ராத்திரிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் என்று வைத்தாலும், ஏறக்குறைய 350 கிலோமீட்டருக்குப் பதினான்கு ராத்திரி ஆகும். திரும்பி வர இன்னொரு பதினான்கு.

பகலில் வெயில் மாட்டைக் கொன்றுவிடும் என்பதால் ராத்திரிதான் ஓட்டம். வண்டிகள் ஒன்றின் பின் ஒன்றாகப் போகும். அடியில் ஒரு லாந்தர் ஆடிக்கொண்டிருக்கும். முன்வண்டிக்காரன் முழித்திருந்தால் பின்னால் வருகிறவர்கள் கொஞ்சம் கண்ணயரலாம். தூங்குகிறவனின் வண்டியைக் குறும்புக்காரர்கள் திருப்பிவிட, காலையில் கண் விழித்தால் புறப்பட்ட ஊரிலேயே நின்ற கதையை ஊருக்கு ஊர் சொல்வார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஓய்வே இல்லாமல் வேலை செய்கிறவனுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் அந்தக் கதையும் சொல்கிறது.

ஓட்டுவது என்றால் சாட்டையை வீசுவது மட்டும் இல்லை. பாரம் ஏற்றுவதிலேயே பாதி வித்தை இருக்கிறது. இரண்டு சக்கர வண்டியில் முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். மூட்டைகளை நகர்த்தி நகர்த்தி அந்தச் சமநிலையைக் கையாலேயே கண்டுபிடிக்க வேண்டும். கோடையில் சக்கரத்து மரம் காய்ந்து சுருங்கும், இரும்புப் பட்டா தளரும். அப்போது வண்டியைக் குளத்துத் தண்ணீரில் இறக்கி நிறுத்தி மரத்தை ஊறவைக்க வேண்டும். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மையை அச்சில் போட வேண்டும். மாட்டுக்குக் குளம்புக்கு இரண்டாக நாலு காலுக்கும் எட்டு லாடம், தேய்ந்ததைப் பார்த்து மாற்ற வேண்டும். இறக்கத்தில் பாரம் மாட்டின் மேல் சாயாமல் பிடிக்க வேண்டும். ஆற்று மணலில் சக்கரம் புதைந்தால் அடுத்த வண்டியின் ஜோடியையும் அவிழ்த்துக் கொண்டுவந்து முன்னால் பூட்டி இழுக்க வேண்டும்.

ஒரு மாடு வெக்கை நோயில் விழுந்துவிட்டால்? கதை முடிந்தது. வண்டிக்காரனின் மூலதனம் முழுவதும் நாலு கால் ஜீவன்கள் இரண்டுதான். ஒன்று போனால் இன்னொன்று தனியாக நுகத்தை இழுக்காது. கடன் வாங்க வேண்டும். அந்தக் கடனைக் கட்ட இன்னும் அதிகப் பாரம், இன்னும் குறைந்த தூக்கம்.

இவ்வளவும் தெரிந்தவனுக்கு வேலை தெரியாதவன் என்று பெயர். அவன் ஏற்றிவந்த அரிசியை எடை போட்டு விற்றவருக்கு வியாபாரி என்று பெயர்!

அவன் பெயர் எந்தக் கல்வெட்டில்?

வண்டிக்காரன் இல்லாமல் இந்த நாட்டில் ஒன்றும் நடந்ததில்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுகிற பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டிகள் வருகின்றன. கைக்குழந்தையோடு ஒரு பெண் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறாள் அதில். புறநானூற்றில் ஔவையார் ஒரு தலைவனைப் புகழ உவமை தேடியபோது, உமணர்கள் வண்டிக்கு அடியில் கட்டி எடுத்துப்போகும் உபரி அச்சைத்தான் எடுத்தார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஸ்டெப்னி! அந்தப் புலவர்களுக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணில் பட்டார்கள். பின்னால் வந்த வரலாற்றுக்காரர்களுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று.

1791இல் காரன்வாலிஸ் பெரிய படையோடு ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்விட்டு, கோட்டையைப் பிடிக்காமலே திரும்பினார். தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத்தான் திரும்பினார். ஏன்? அவற்றை இழுக்கிற மாடுகள் செத்துப்போயிருந்தன. ஒரு பேரரசின் படையே மாட்டுக்கும் மாட்டை ஓட்டுகிறவனுக்கும் முன்னால் மண்டியிட்ட இடம் அது. பாடப் புத்தகத்தில் காரன்வாலிஸ் இருக்கிறார், திப்பு இருக்கிறார். மாட்டை ஓட்டியவர்களில் ஒருவர் பெயராவது இருக்கிறதா?

"அதெல்லாம் ரயில் வருவதற்கு முன்னால்" என்பார்கள். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓடியது. அதோடு வண்டி ஒழிந்தது என்று நினைக்கிறவர்கள் 1876–78 பஞ்சத்தைக் கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டும். ரயில் தானியத்தை ஸ்டேஷன் வரைக்கும்தான் கொண்டுவந்தது. ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு யார் கொண்டுபோவது? மாடு தீவனமில்லாமல் செத்துக் கிடந்தது, வண்டி நின்றது, தானியம் ஒரு பக்கமும் பசி இன்னொரு பக்கமுமாகக் கிடந்தன. ரயில் வண்டிக்காரனை ஒழிக்கவில்லை. அவனுக்கு நீண்ட தூர ஓட்டத்தை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவே ஆயிரம் குட்டி ஓட்டங்களைக் கொடுத்தது. லாரி பெருகுகிற வரைக்கும் அது நடந்தது.

நிறுத்தத்தின் பெயரில் ஓடிய வண்டி

ஆங்கிலேயர் ஊரில் குதிரை பூட்டிய நெடுந்தூர வண்டிக்கு ஸ்டேஜ் கோச் என்று பெயர். ஸ்டேஜ் என்றால் மேடை அல்ல. ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரையுள்ள தூரம். பத்துப் பதினைந்து மைலுக்கு ஒருமுறை களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டு, இளைப்பாறிய குதிரையைப் பூட்டுவார்கள். அந்த நிறுத்தத்தின் பெயரையே வண்டிக்கு வைத்தார்கள். ஓட்டத்தைவிட ஓய்வு முக்கியம் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

நமக்குப் பக்கத்தில் இலங்கையில் 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் நடுவே தபால் கோச் ஓட ஆரம்பித்தது. அந்தப் பாதையில் உள்ள அம்பேபுஸ்ஸ ஓய்வு விடுதி 1828இலேயே கட்டப்பட்டுவிட்டது. தங்குமிடம் முதலில், கோச் பிறகு! அந்த விடுதி யாருக்காகக் கட்டப்பட்டது என்பது வேறு விஷயம். ஆனால் சாலை போடுகிறவன், தங்குமிடத்தையும் சாலையின் ஒரு பாகமாக நினைத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊர் பஸ்ஸிலும் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. "அடுத்த ஸ்டேஜுக்கு டிக்கெட் வேற" என்கிறாரே கண்டக்டர், அதே ஸ்டேஜ்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் நம் டவுன் பஸ்ஸுக்குப் பெயர் ஸ்டேஜ் கேரியேஜ். ஆனால் இன்றைக்கு ஸ்டேஜ் என்றால் கட்டணம் ஏறுகிற இடம். சாவடிக்கு நேர்ந்த அதே கதி! ஓய்வைக் குறித்த சொற்கள் எல்லாம் வசூலைக் குறிக்கிற சொற்களாக மாறிவிட்டன.

"அந்தக் காலம் என்ன பொற்காலமா?"

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து கேட்பார், கேட்கவும் வேண்டும். அந்தக் காலத்துச் சாவடியும் சத்திரமும் எல்லோருக்கும் திறந்திருந்தனவா? இல்லை. பல சத்திரங்களில் சாதி பார்த்துத்தான் சோறு போட்டார்கள், சாதி பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். வண்டி ஓட்டிய எத்தனையோ பேர் திண்ணையில் ஏற முடியாமல் வண்டிக்கு அடியிலேயே படுத்திருப்பார்கள். மாட்டை அடித்தார்களா? அடித்தார்கள், தார்க்குச்சியால் குத்தவும் செய்தார்கள். அந்தக் காலத்தில் சுங்கம் இல்லையா? இருந்தது. பெரும்பாணாற்றுப்படையிலேயே மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் போகும் பெருவழியில் சுங்கம் வாங்குகிறார்கள்.

எல்லாம் உண்மை. அதனால்தான் இங்கே யாரும் அந்தக் காலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. 1973இல் தமிழக அரசு கைரிக்‌ஷாவை ஒழித்தபோது "ஐயோ, பாரம்பரியம் போச்சே" என்று அழுதிருந்தால் அது எவ்வளவு கேவலமோ, மாட்டு வண்டிக் காலத்துக்காக இப்போது அழுவதும் அவ்வளவு கேவலம்.

ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். அத்தனை கொடுமையும் இருந்த அந்தச் சமூகத்துக்குக்கூட ஒரு விஷயம் புரிந்திருந்தது. சுமக்கிறவன் இறக்கிவைக்க வேண்டும், ஓட்டுகிறவன் தூங்க வேண்டும். ராணி மங்கம்மாள் சாலை போட்டபோது கூடவே மரமும் சத்திரமும் வந்தன. பிரசவத்தில் இறந்துபோன பெண்ணின் நினைவாக ஊருக்கு வெளியே சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்தால், தலைச்சுமையோடு வருகிறவன் யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைத்துவிட்டு, திரும்பத் தூக்கிக்கொள்ளலாம். இதற்குப் பெரிய இன்ஜினியரிங் வேண்டாம். சுமக்கிறவனை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருந்தால் போதும்.

இன்றைக்கு ஆறு வழிச்சாலை போடுகிறோம், எட்டு வழிச்சாலை போடுகிறோம். அந்த ஒரு நிமிஷம்தான் கிடைக்கவில்லை.

மாட்டுக்கு உண்டு, மனுஷனுக்கு?

இந்த நாட்டில் வண்டி மாட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1965ஆம் ஆண்டு விதிகள். ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் மாட்டை வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிற இடத்தில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வண்டியில் பூட்டவே கூடாது. அருமையான விதிகள். யார் எழுதினார்களோ, கை எடுத்துக் கும்பிடலாம்.

இப்போது மே மாதம் மத்தியானம் ஒரு மணிக்குக் குமணன்சாவடி சந்திப்பில் வந்து நின்று பாருங்கள். வெயில் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும். முதுகில் சதுரப் பையோடு பிரியாணி கொண்டுபோகிற பையன் சிக்னலில் நிற்கிறான். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகிற கன்டெய்னர் லாரி டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி நெளிகிறார். தண்ணீர் லாரி, கால் டாக்ஸி, ஷேர் ஆட்டோ... இவர்களில் யாரையாவது "பன்னிரண்டு மணிக்கு மேல் பூட்டக் கூடாது" என்று எந்தச் சட்டமாவது நிறுத்துகிறதா? வண்டி மாடாகப் பிறந்திருந்தால் அந்தப் பையனுக்கு மூன்று மணி நேரம் நிழல் கிடைத்திருக்கும்!

சட்டமே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம் என்றது, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்றது, இரவில் தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் இடங்களுக்கு அது தானாகப் பொருந்தவில்லை. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கிற முதலாளியும், சொந்த லாரியைத் தானே ஓட்டுகிற டிரைவரும் அப்படியே வெளியே நின்றார்கள். அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்றுக்குள் கரைந்துவிட்டது. புத்தகம் மாறியது. ரோட்டோரத்தில் லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுக்கிற டிரைவர் மாறவில்லை. அவருடைய தாத்தா வண்டிக்கு அடியில் படுத்தார், இவர் லாரிக்கு அடியில் படுக்கிறார். முன்னேற்றம்!

நல்லது எதுவுமே நடக்கவில்லையா என்றால், நடக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். எண்ணெய் நிறுவனங்கள் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குகள் சிலவற்றில் லாரி டிரைவர்களுக்குத் தங்குமிடம் கட்டுகின்றன. சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்குக் குளிரூட்டிய ஓய்வறை திறந்தது. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. மனசு இருந்தால் ஒரு சின்ன அறைக்கு இடம் கிடைக்கிறது. அப்படியானால், மற்ற இடங்களில் இல்லாததற்குக் காரணம் என்ன என்று கேட்பது நியாயம்தானே?

சாலைக்குக் காசு இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை என்று 2009இல் ஒருமுறை அடிக்கல் நாட்டினார்கள், 2022இல் மறுபடியும் ஒருமுறை நாட்டினார்கள். கன்டெய்னர் லாரிகள் சீக்கிரம் துறைமுகம் போக வேண்டுமாம். போகட்டும். துறைமுக வாசலில் வரிசையில் கிடக்கிற டிரைவர் எங்கே கை கால் கழுவுவார், எங்கே சாப்பிடுவார், எங்கே படுப்பார் என்பதற்கு யாராவது ஒரு கல்லாவது நாட்டியிருக்கிறார்களா?

"டிரைவர் தூங்கிட்டான்"

விபத்துச் செய்திகளில் வழக்கமாக ஒரு வரி வரும். ஓட்டுநர் கண்ணயர்ந்ததால் லாரி கட்டுப்பாட்டை இழந்தது. படிக்கிறவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள், "பாவிப்பய, தூங்கிட்டு ஓட்டியிருக்கான்" என்கிறார்கள். அவன் எங்கே தூங்கியிருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. தூக்கம் ஒழுக்கக்கேடு அல்ல. பசியைப் போல, தாகத்தைப் போல உடம்பின் தேவை. அதற்கு இடம் கொடுக்காமல் சாலை போட்டவர்களுக்கும், நாளைக்குள் டெலிவரி வேண்டும் என்று பட்டனைத் தட்டியவர்களுக்கும் அந்த விபத்தில் பங்கு இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் டிரைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். வரலாற்றில் வராத பெயர் எஃப்.ஐ.ஆரில் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது!

"லாரிக்காரன் குடிக்கிறான், ஆட்டோக்காரன் அதிகம் கேட்கிறான்" என்று இன்னொரு வாதம் வரும். கேட்கிறார்கள்தான், குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு அபராதம் உண்டு, லைசென்ஸைப் பிடுங்கச் சட்டம் உண்டு. ஆனால் ஒழுங்காக இருந்தால்தான் கழிப்பறை கட்டித் தருவோம் என்று யாருக்காவது நிபந்தனை போட்டதுண்டா? அலுவலகத்தில் லஞ்சம் வாங்குகிறார்கள் என்பதற்காக யாரும் அங்கே ஃபேனைக் கழற்றிவிடவில்லை.

என்னதான் வேண்டும்?

குமணன்சாவடியில் மெட்ரோ ரயில் நிலையம் வருகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரைக்கும் போகிற நான்காவது வழித்தடம். இதில் வேடிக்கை, இந்த ரயில்கள் ஓட்டுநரே இல்லாமல் ஓடும்படி செய்யப்பட்டவை. ஒருவேளை நம் திட்டக்காரர்களின் கனவே இதுதானோ என்னவோ! தூக்கம் வராத, பசிக்காத, சிறுநீர் கழிக்காத டிரைவர். அப்படி ஒரு டிரைவர் கிடைத்துவிட்டால் சாவடியே வேண்டாம் அல்லவா?

ஆனால் அந்த நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆட்டோ வேண்டும். நிலையத்துக்குள் இருக்கிற கடைக்குச் சரக்கு வர லாரி வேண்டும். ரயில் வந்தபோது வண்டி ஒழியாத மாதிரி, மெட்ரோ வந்தாலும் ஓட்டுகிறவன் ஒழியப் போவதில்லை. தூரம் குறையும், ஓட்டம் கூடும்.

எனவே கேட்பது ஒன்றும் பெரிசு இல்லை. இவ்வளவு கோடியில் நிலையம் கட்டுகிறவர்கள், சாலையை அகலப்படுத்துகிறவர்கள், பக்கத்திலேயே ஒரு கூரை போடட்டும். கால் நீட்டிப் படுக்க நாலு பெஞ்ச். குடிக்கத் தண்ணீர். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, பூட்டிக் கிடக்காத கழிப்பறை. ஆட்டோ ஓட்டுகிற, டெலிவரி போகிற பெண்கள் இப்போது நிறைய பேர். அவர்கள் தண்ணீரே குடிக்காமல் வண்டி ஓட்டுவது எதனால் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். போனுக்கு சார்ஜ் போட ஒரு பிளக். யார் என்ன சாதி, எந்தக் கம்பெனி, சொந்த வண்டியா வாடகை வண்டியா என்று கேட்காத ஒரு வாசல். பழைய சாவடியில் இல்லாதது இந்த வாசல்தான். புதுச் சாவடி பழையதைவிட உசத்தியாக இருக்க வேண்டும் என்றால், இதில்தான் உசத்தியாக இருக்க வேண்டும்.

இதே சாலையில் இன்னும் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு சாவடி இருக்கிறது. சுங்கச்சாவடி. இருபத்து நாலு மணி நேரமும் விளக்கு எரிகிறது, கேமரா இருக்கிறது, கூரை இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். வண்டியிடம் காசு வாங்க இவ்வளவு வசதி செய்து கொடுக்கத் தெரிந்த நாட்டுக்கு, வண்டி ஓட்டுகிறவரைப் படுக்கவைக்கத் தெரியாதா என்ன?

தெரியாது என்றால் ஒன்று செய்யலாம். வேலப்பன், குமணன், கரையான் மூன்று பேருடைய பெயருக்குப் பின்னால் இருக்கிற அந்தச் 'சாவடி'யை போர்டிலிருந்து அழித்துவிடலாம். இல்லாத ஒன்றைப் பெயரில் வைத்துக்கொண்டு எதற்கு வெயிலில் நிற்கிறவர்களைக் கேலி செய்ய வேண்டும்? அழிக்க மனசு வரவில்லை என்றால், கட்டுங்கள்.